குழாய்த் தமிழில் ஒரு கோச்

முதன்முதலாக நான் அவரைப் பார்த்தபோது அவருடைய வலக்கையில் ஒரு ரப்பர்ப் பம்பு இருந்தது. கழிவறை அடைத்தால் குத்துவார்களே, அது. இடக்கையால் என் பந்தைப் பிடித்தார்.

பக்கத்து அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடந்த கோடை அது, தொண்ணூற்று நான்கு. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த பதினான்கு மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டுப் புல்வெளி கிடந்தது. இங்கே பந்து விளையாடக் கூடாது என்று அதில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அந்தப் பலகையின் காலைத்தான் நாங்கள் ஒரு கோல் கம்பமாக வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலைகளில் எங்கள் ஊர்ச் சங்கத்து உதைபந்தாட்ட ரீம் அங்கே பழகும். நான் கோல் கீப்பர். வயது முப்பத்தொன்று, கிழமை நாட்களில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை, முழங்காலில் தேய்மானம். ஊரில் பள்ளிக்கூடத்து அணிக்கு நின்றவன் என்ற பழம்பெருமை ஒன்றைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

அன்றைக்குக் கட்டடத்தைப் பராமரிக்க இரண்டு மாதம் முன்பு வந்த புதுச் சூப்பிரிண்டன் பின்கதவால் வெளியே வந்து, பலகையைக் காட்டி, “நோ போல், நோ போல்” என்றார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், முதுகு லேசாக வளையத் தொடங்கியிருந்தது. மூன்று கிழமையாக லிப்ட் வேலை செய்யவில்லை, அதைப் பார்க்க ஆளில்லை, எங்களைப் பிடிக்க மட்டும் ஆள் வந்துவிட்டதே என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இன்றும் அப்படித்தான், என்ன, இப்போது மூக்குக் கண்ணாடியும் அங்கேயே நிற்பதால் இடம் கொஞ்சம் குறைவு. பந்தை வைத்து, அவருடைய தலைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் படட்டும் என்று ஓங்கி உதைத்தேன். ஆளைக் கொஞ்சம் வெருட்டுவதுதான் நோக்கம்.

அவர் பம்பைக் கீழே போடவில்லை. உடம்பைக்கூடத் திருப்பவில்லை. இடக்கை மட்டும் போனது, பந்து அதில் போய் ஒட்டிக்கொண்டது. கையில் பட்ட சத்தமே கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் “ஓ” என்று கத்தினார்கள். நான் மட்டும் அவருடைய விரல்களையே பார்த்தேன். ஏனென்றால் அந்தச் சத்தமில்லாத பிடி எப்பேர்ப்பட்டது என்று அங்கே எனக்குத்தான் தெரியும். உள்ளங்கையில் படாரென்று வாங்குகிறவன் என்னைப் போன்ற கீப்பர். விரல் நுனிகளால் வாங்கிக்கொள்கிறவன் ஆயிரத்தில் ஒருவன்.

“ஹூ ஆர் யூ?” என்று கேட்டேன். கேள்வி கொஞ்சம் மரியாதை இல்லாமல் வந்துவிட்டது.

“சூப்பிரிண்டன்டன்ற்” என்று சொல்லிவிட்டு, பந்தோடு உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் பந்தை மீட்கப் போனேன். தண்ணீர் சூடாக்கும் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பத்திரிகைப் படம். ஒரு இளைஞன் தரைக்குச் சமாந்தரமாகக் காற்றில் படுத்திருக்கிறான். அவனுடைய விரல் நுனியில் பந்து. பின்னால் சனக்கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கிறது. கீழே எழுதியிருந்த ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நீண்ட மூக்கைத் தெரிந்தது.

“நீங்களா?” என்றேன்.

“நான்தான். முப்பத்தைந்து வருடம், முப்பத்தைந்து கிலோ முன்னால்” என்றார் உடைந்த ஆங்கிலத்தில்.

பந்து வாங்கப் போனவன் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டேன். அவர் ஆர்ஜென்டீனாக்காரர். தகப்பன் ஒரு சின்னப் பட்டணத்துச் சந்தையில் வத்தகப்பழ லொறிகளிலிருந்து குடம் அளவான பழங்களை இறக்குபவர். லொறிக்கு மேலே நின்று தகப்பன் எறிய, கீழே நின்று மகன் பிடிக்க வேண்டும். தவறி விழுந்து உடைந்தால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு அந்தப் பழம்தான். அந்தக் கைகளை யாரோ கண்டு ஊர்க் கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து தலைநகரின் பெரிய கழகம், அங்கிருந்து நாட்டின் அணி. ஒரு கிண்ண இறுதி ஆட்டத்தில் மூன்று பெனால்ரிகளை அடுத்தடுத்துப் பிடித்த கிழமையில், பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அவருடைய பெயரை வைத்தார்களாம். “இப்ப அவங்கள் எல்லாருக்கும் தலை வழுக்கையாகியிருக்கும்” என்று சிரித்தார்.

பிறகு தோள்மூட்டு கழன்றது. கோச் ஆனார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நான்கு கழகங்கள், இரண்டு நாடுகள். இரண்டு முறை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோய் இரண்டு முறையும் தோற்றார். மிச்சமெல்லாம் பாதியில் வீட்டுக்குப் போ என்று அனுப்பியவை. கோல் கீப்பரால் கோச் ஆக முடியாது, அவன் வாழ்நாள் முழுக்கப் பத்துப் பேருடைய முதுகைத்தானே பார்த்திருக்கிறான் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அதைக் கிளப்பியவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அணியில் இடப்பக்கத் தடுப்பில் நின்ற உயிர்ச் சிநேகிதர். அந்த மனிதரும் கோச் ஆகி, அலுமாரி நிறையக் கிண்ணம் அடுக்கியிருந்தாராம். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்கலாம் என்று ரொறன்ரோவுக்கு வந்த நம்மாள், மகள் புருஷனோடு மேற்கே போய்விட, சூப்பிரிண்டன் வேலையோடு தனியாக நின்றுவிட்டார்.

“கீப்பராக நான் எல்லாம் வென்றேன்” என்றார். “கோச்சாக ஒன்றே ஒன்று வேண்டும். தேத்தண்ணிக் கிண்ணம் அளவு என்றாலும் போதும். அவனுக்கு நான் ரெலிபோன் எடுக்க வேண்டும்.”

பத்திரிகைப் படத்தில் பறக்கிற மனிதர் என் கட்டடத்துக் கழிவறை குத்துகிறார்! ஆவணியில் எங்கள் ஊர்ச் சங்கங்களின் சுற்றுப்போட்டி வருகிறது, பன்னிரண்டு ரீம்கள், ஒரு கிண்ணம், கிண்ணம் தேத்தண்ணிக் கிண்ணத்தை விடப் பெரியதுதான் என்று படபடவென்று சொன்னேன்.

“உங்களுக்கு யார் கோச்?”

“ஒருத்தரும் இல்லை. ஆளாளுக்குக் கத்துவோம்.”

பந்தை என்னிடம் நீட்டினார். “ஞாயிறு ஏழு மணி. அந்தப் பலகையைப் பிடுங்கி ஓரமாக வை. கோல் அகலம் காணாது.”

சரி, அவரைப் பிடித்தாயிற்று. எந்தப் பாஷையில் பழக்குவது? எங்களில் பாதிப் பேர் வந்து இரண்டு வருடமும் ஆகாதவர்கள், ஆங்கிலம் அரைகுறை. அவருடைய ஆங்கிலம் அதைவிட அரைகுறை. ஆனால் முதல் ஞாயிறே ஒரு புதினம் நடந்தது. எங்கள் தடுப்பைத் தாண்டி ஒருத்தன் பந்தைக் கொண்டு ஓட, ஓரத்தில் நின்றவர் இரண்டு கையையும் தூக்கி, “கசியுது! கசியுது! அடை!” என்று கத்தினார்.

தமிழில்!

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசி எங்கள் சனம். அவரை எதற்காவது கூப்பிட்டார்கள் என்றால் அது குழாய் வேலைக்காகத்தான் இருக்கும். கதவைத் திறக்கிற அன்ரிமார் ஆங்கிலம் வராமல் கையால் காட்டி, கசியுது, அடைச்சுப்போச்சு, இறுக்குங்கோ என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லி, இரண்டு மாதத்தில் மனிதரிடம் ஒரு பை நிறையக் குழாய்த் தமிழ் சேர்ந்துவிட்டது. அந்தப் பையை வைத்துக்கொண்டே எங்களைப் பழக்கினார். தடுப்பில் ஓட்டை விழுந்தால் கசியுது. ஆளோடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால் இறுக்கு. பந்தைப் பக்கவாட்டுக்கு அனுப்பு என்றால் திற. நடுவில் எல்லோரும் குவிந்து நின்றால் அடைச்சுப்போச்சு. எந்தப் பெரிய கோச்சும் சொல்லி விளங்காதது அந்த நாலு சொல்லில் எங்களுக்கு விளங்கியது.

என்னைத் தனியாக வதைத்தார். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்கு வத்தகப்பழ வான் வரும். அதில் ஏறி நின்று அவர் எறிய, நான் பிடிக்க வேண்டும். முதல் நாளே மூன்று பழம் உடைத்தேன். என் மனைவி அந்த மூன்றையும் வெட்டிக் கட்டடம் முழுக்கக் கொடுத்து, “எங்கடை ஆள் பிடிச்சது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெனால்ரிக்கு அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். பந்தைப் பார்க்காதே, உதைக்கிற காலையும் பார்க்காதே, ஊன்றுகிற காலைப் பார். ஊன்றுகிற பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து. அது தரையில் பதியும் வரைக்கும் நீ மரம். பதிந்த பிறகு நீ பூனை.

ஆடி மாதம் முழுவதும் வேலையில் வாளி பிடித்தாலும் எனக்கு ஊன்றுகால்தான் ஞாபகம். ஆர்ஜென்டீனா உலகக் கிண்ணத்தில் இரண்டாம் சுற்றோடு வெளியேறிய கிழமை அவர் யாரோடும் பேசவில்லை. ஆனால் ஞாயிறு ஏழு மணிக்கு வந்துவிட்டார்.

எங்கள் பரம எதிரி பக்கத்து ஊர். ஊரில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற ஒழுங்கைதான். போன வருடக் கிண்ணம் அவர்களுக்கு, அதுவும் இறுதி ஆட்டத்தில் பெனால்ரியில் வென்றது. நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்று, வெட்கத்தில் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டோம், அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோச் விடவில்லை. “படம் இருக்கா? எங்கே?” என்று நச்சரித்தார்.

எங்கள் சனத்தின் நிகழ்ச்சிக்கு வீடியோ இல்லாமல் இருக்குமா? கலியாணம், சாமத்திய வீடு எல்லாம் எடுக்கிற வீடியோ அண்ணை ஒருவர் சுற்றுப்போட்டியையும் எடுத்திருந்தார். அந்த வீடியோ ரேப்பை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் போட்டோம். கோச்சும் நானும் ரீமில் நாலைந்து பேரும். பெனால்ரி தொடங்கியதும் பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. ஒவ்வொருவரும் உதைக்கப் போகும் இடத்தில் திரையின் நடுவில் இதய வடிவில் ஒரு ஓட்டை திறந்து, அதற்குள்ளே கோல் தெரிந்தது.

“இது என்ன இதயம்?” என்று கோச் திகைத்துப்போய்க் கேட்டார்.

“அவர் கலியாணம் எடுக்கிற ஆள்” என்றேன்.

அவர் ரிமோட்டை வாங்கி, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டு, திரைக்கு முன்னால் முழங்காலூன்றி அந்த ஐந்து பேருடைய பாதங்களையும் பார்த்தார். முதுகில் இலக்கம் இல்லாத வெறும் ரீ-சேர்ட்டுகள் என்பதால் நாங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வைத்தோம்: மொட்டை, தாடி, சங்கிலி, நெட்டை, சிவப்புச் சப்பாத்து. ஒரு காகிதத்தில் ஐந்து கோட்டு மனிதர்களைக் கீறி, யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று அம்புக்குறி போட்டார். போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஐந்து பேரும் இடக்காலால் அடிக்கிறார்கள். ஐந்து பேரும்! நாற்பது வருடத்தில் நான் இப்படி ஒரு அணியைக் காணவில்லை. இது என்ன ஊர்?”

எங்கள் நடுக்களக்காரன் சிரித்தான். “அவங்கள் அப்பிடித்தான் அண்ணை. நாங்கள் நேராய்ச் செய்யிறதை அவங்கள் தலைகீழாய்த்தான் செய்வாங்கள். எங்கடை அப்பாவும் அதைத்தான் சொல்லுறவர்.” எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். பக்கத்து ஊரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புகிற புத்தி எங்களுக்குப் பால்குடியிலிருந்தே வந்தது. கோச்சுக்கு நான் அதை ஆங்கிலத்தில் விளக்கினேன். பாவம், அவரும் நம்பிவிட்டார்.

சுற்றுப்போட்டி சனியும் ஞாயிறும். சனிக்கிழமை மூன்று ஆட்டம் வென்றோம். எனக்கு ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. ஞாயிறு காலை அரையிறுதியும் வென்றோம். அதே நேரம் பக்கத்து ஊர் மற்ற மைதானத்தில் வென்றது. நாலு மணிக்கு இறுதி ஆட்டம். கோச் கொத்துரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். “மூன்றாவது” என்றார். அவருடைய வாழ்க்கையில் கோச்சாக மூன்றாவது இறுதி ஆட்டம்.

மூன்று மணிக்கு அவருடைய இடுப்பில் பேஜர் கத்தியது. கட்டடத்தில் ஏழாம் மாடிக் குழாய் வெடித்து, தண்ணீர் ஆறாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மைதானத்தைப் பார்த்தார். பேஜரைப் பார்த்தார். போகாவிட்டால் வேலையும் போகும், வேலையோடு வீடும் போகும். காகிதத்தை என் கையில் வைத்து மூடினார். “இதன்படி செய். நான் வந்துவிடுவேன்” என்றார். அவர் யாரோ ஒருத்தருடைய காரில் ஏறிப் போவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. குழாய்க்கு வெடிக்க வேறு நாள் கிடைக்கவில்லையா என்று உரக்கவே திட்டினேன்.

ஆட்டம் நெருப்புப் பறந்தது. எங்கள் தடுப்பு ஒருவருக்கொருவர் “இறுக்கடா, கசியுது” என்று கத்தியபடி விளையாடியது. பக்கத்து ஊர்க்காரர்கள், உவங்களுக்கு என்ன பிடிச்சிட்டுது என்று விழித்தார்கள். கோல் இல்லை. இரண்டு பக்கமும் பூச்சியம். பெனால்ரி.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின்போது அவர்கள் வலக்காலால் உதைப்பதை நான் பார்த்தேன். கண் இருந்தது, பார்த்தேன். ஆனால் பெனால்ரிக்கு மட்டும் இடக்காலை எடுப்பார்கள், அதுதான் அவங்கடை கள்ளப் புத்தி என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மொட்டை வந்தான். காகிதத்தின்படி என் வலம். அவன் வலக்காலால் அடித்தான். நான் வலப்பக்கம் பாய்ந்தேன், பந்து இடப்பக்கம் போனது. எங்கள் ஆள் திருப்பிப் போட்டான். தாடிக்கு இடம், நான் இடம், பந்து வலம். எங்கள் இரண்டாவது ஆள் கம்பத்துக்கு மேலால் வானத்துக்கு அடித்தான். “கீப்பர் பந்துக்கு மரியாதை செய்து ஒதுங்கி வழிவிடுகிறார்” என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சொல்ல, சனம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் காகிதத்தை மீற மனம் வரவில்லை. மூன்று பெனால்ரி பிடித்த மனிதர் கீறித் தந்தது, வாளி செய்கிறவன் நான் மாற்றுவதா? அவர் சொல்லித் தந்த ஊன்றுகாலைக்கூட நான் பார்க்கவில்லை. சங்கிலி ஓடி வந்தான். காகிதம் இடம் என்றது. இடம் பாய்ந்தேன். பந்து வலம் போனது.

சரியாக அந்த நேரம் ஒரு கார் வாகனத் தரிப்பிடத்தைத் தாண்டி, புல்லில் ஏறி, ஐஸ்கிரீம் வானுக்கு அரை அடி தள்ளி வந்து நின்றது. அது எங்கள் கார். ஓட்டியது என் மனைவி! லைசென்ஸ் எடுத்து இரண்டு கிழமை ஆனவள். வெயிலில் நின்று உங்களைப் பார்க்க எனக்கென்ன விசரா என்று காலையில் கேட்டவள். பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. ஏழாம் மாடியில் குழாயைப் பூட்டிவிட்டு, நனைந்த காற்சட்டையோடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவரைக் கண்டு, “துடைக்கிறதை நாங்கள் துடைப்பம், நீங்கள் ஏறுங்கோ” என்று மற்றப் பெண்களிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கோச் குழாய் திருகும் குறட்டைக் கையில் பிடித்தபடியே இறங்கினார். சங்கிலியின் உதையைக் காருக்குள் இருந்தே பார்த்துவிட்டார். வலக்கால்! அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. ஓரக்கோடு நெடுக என்னை நோக்கி ஓடி வந்தார். “சுடுதண்ணி! பச்சைத்தண்ணி! மாறி! மாறி!”

சனம் திகைத்தது. எங்கள் ரீமே திகைத்தது. “வந்திருக்கிற பெரியவருக்கு ஆராவது தண்ணி குடுங்கோ” என்றது ஒலிபெருக்கி. உண்மையாகவே ஒருவர் இரண்டு போத்தலோடு அவருக்குப் பின்னால் ஓடினார்.

எனக்கு மட்டும் பொறி தட்டியது. எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் குழாய்களை மாற்றிப் பூட்டிவிட்டிருந்தார்கள். சிவப்பைத் திறந்தால் பச்சைத்தண்ணி வரும், நீலத்தைத் திறந்தால் கை வெந்துபோகும். ஒவ்வொரு வீட்டிலும் அவர் கேட்ட முறைப்பாடு அதுதான்: சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் மாறி வருகுது. இடமும் வலமும் மாறி என்று சொல்ல அந்த மனிதரிடம் வேறு தமிழ் இல்லை. காகிதம் முழுக்க மாறி. எல்லாம் மாறி!

எங்கள் மூன்றாவது ஆள் போட்டான். நெட்டை பந்தை வைத்தான். காகிதம் இடம் என்றது. நான் மரமாக நின்றேன். ஊன்றுகால் பதிந்தது, அதுவும் என் வலப்பக்கம்தான் பார்த்தது. பாய்ந்தேன். பந்து நெஞ்சுக்கு நேரே வந்தது, விரல்களால் வாங்கினேன், சத்தம் வரவில்லை. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல! எங்கள் நாலாவது ஆளும் போட்டான். மூன்றுக்கு மூன்று.

சிவப்புச் சப்பாத்து நல்ல கெட்டிக்காரன். ஓடி வந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு உதைத்தான். தயங்கியபோது நான் அசையவில்லை. காகிதத்தில் வலம், ஆகவே இடம். முழங்கால் கத்தியது, இடக்கையின் நடுவிரல் நுனி பந்தில் பட்டது, பந்து கம்பத்தில் அடித்து வெளியே போனது. பிறகு எங்கள் ஐந்தாவது ஆள் வந்து, அமைதியாக, மூலையில் உருட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு யார் யார் மேல் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கோச்சைத் தேடினேன். அவர் கோட்டுக்கு வெளியே புல்லில் முழங்காலில் இருந்தார், குறடு பக்கத்தில் கிடந்தது. நாங்கள் தூக்கினோம். எங்கள் சங்கத் தலைவர் பிரதம விருந்தினருக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை இவருக்குப் போர்த்தினார். அது நனைந்த சேர்ட்டில் ஒட்டிக்கொண்டது. அறிவிப்பாளர் உலகப் புகழ் பெற்ற கோல் கீப்பர் என்று தொடங்க, இவர் என் காதில், “கீப்பர் இல்லை, கோச் என்று சொல்லச் சொல்லு” என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். அறிவிப்பாளர் திருத்திச் சொன்னார்.

வீடியோ அண்ணையை நான் சும்மா விடவில்லை. அன்றும் கமராவோடு நின்றவரைப் பிடித்து, “போன வருசம் என்ன செய்தனீங்கள் அண்ணை? ஐஞ்சு பேரையும் இடக்காலன் ஆக்கிப்போட்டியள்!” என்று பாய்ந்தேன்.

அவர் அசையவில்லை. “தம்பி, நான் நிண்ட பக்கத்திலை இருந்து பாக்க எல்லாரும் இடப்பக்கமாய் ஓடுறாங்கள். ஒரு நல்ல விசயம் இடப்பக்கமாய்ப் போகலாமோ? கலியாண வீட்டிலை அப்பிடிச் சுத்துவமோ? புது மிசினிலை ஒரு பட்டன் இருக்கு. அமத்தினால் படம் கண்ணாடியிலை தெரியிற மாதிரி வலப்பக்கம் திரும்பும். மங்களமாய் இருக்கட்டும் எண்டு அமத்திவிட்டன்.” கோச்சுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இருந்தது. ஏழாம் மாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிண்ணத்தை அவருடைய சாப்பாட்டு மேசையில் வைத்தார். தமிழ்க் கடையில் ஒரு ரெலிபோன் அட்டை வாங்கிவரச் சொன்னார். நான் சுரண்டி இலக்கங்களை வாசிக்க, அவர் அழுத்தினார். இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை மணி போனது.

மறுமுனையில் அந்த இடப்பக்கத் தடுப்புக்காரர். பேச்சு எனக்கு விளங்கவில்லை, ஆனால் கம்பெயோன், அதாவது சம்பியன், என்ற சொல்லை நாலைந்து தரம் கேட்டேன். பிறகு சட்டென்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார். “சனம் எவ்வளவு வந்தது?”

“முந்நூறு இருக்கும். ஐஸ்கிரீம்காரனோடு சேர்த்து.”

தலையாட்டிவிட்டு ரிசீவருக்குள், “குவாரெந்தா மில்” என்றார். தொழிற்சாலையில் என்னோடு வாளி எண்ணுகிறவர்கள் ஸ்பானிய மொழிக்காரர், ஆகவே எண்கள் எனக்குத் தெரியும். நாற்பதாயிரம்.

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். இவர் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கரகரத்த ஒரு கிழவரின் குரல், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடித் தேடிக் கேட்டது.

“நீ கீப்பரா?”

“ஓம். யெஸ்.”

“நாற்பதாயிரம் பேரா?”

“கூடவும் இருக்கலாம்” என்றேன்.

“இவன் நல்ல கோச்சா?”

“இவரைப் போல ஒரு கோச்சை நான் காணவில்லை.”

“அழுகிறானா?”

திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி நின்றவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பொன்னாடையின் நுனியை எடுத்து முகத்தில் வைத்திருந்தார்.

“இல்லை” என்றேன்.

மறுமுனையிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.